கேட்டவர்க்குப் பதில்: ரிப்ளி கட்சியும் சாரா கட்சியும்

கேள்வி: ஐயா, மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு கந்தோரின் கணக்குக் கிளையில் வேலை செய்கிறேன். விஞ்ஞானப் படங்களின் சிறந்த கதாநாயகி 'ஏலியன்' படத்து ரிப்ளியா, 'டெர்மினேட்டர்' படத்துச் சாரா கானரா என்று பத்து மணித் தேநீர் வேளையில் தொடங்கிய பேச்சு மூன்று வாரமாக ஓயவில்லை. ரிப்ளிக்கு ஒரு மகள் உண்டு என்று எங்கள் அக்கா ஒருவரும், இல்லவே இல்லை என்று ஒரு தம்பியும் பிடிவாதமாக நின்று, இப்போது இருவரும் ஒரே மேசையில் சோற்றுப் பார்சல் பிரிப்பதுமில்லை. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். - வாசகி, கல்லடி.

பதில்: தீர்ப்பைப் பிறகு பார்ப்போம், முதலில் சோற்றுப் பார்சலைக் கவனிப்போம். அக்கா சொன்னதும் சரி, தம்பி சொன்னதும் சரி. இருவரும் பார்த்தது ஒரே படத்தின் இரண்டு வடிவங்களை. 'ஏலியன்' படத்தின் இரண்டாம் பாகமாக ஜேம்ஸ் கமரூன் இயக்கிய 'ஏலியன்ஸ்' 1986இல் திரையரங்குக்கு வந்தபோது 137 நிமிடங்கள் ஓடியது. 57 ஆண்டுகள் உறைதுயிலில் கிடந்து கண்விழிக்கும் ரிப்ளி, உன் பதினோராவது பிறந்தநாளுக்கு வந்துவிடுவேன் என்று தான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்த மகள் 66 வயதில் இறந்துபோன செய்தியை அறிந்து, ஒரு மூதாட்டியின் படத்தைத் தடவி அழும் காட்சி அப்போது வெட்டப்பட்டிருந்தது. பின்னர் வெளியான 154 நிமிட வடிவத்தில்தான் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. அந்த மூதாட்டியின் படம், ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவரின் சொந்தத் தாயாருடையது என்பதை அக்காவிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். அடுத்த சுற்றில் அவருக்குக் கைகொடுக்கும்.

இதில் தம்பியைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. வீடியோ கசெட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலத்தில் இந்த இரண்டாவது படத்தையே முதலாவது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் ஏன் ஒரு பூனையோடு விண்கலத்தில் தூங்குகிறாள் என்பதற்கு நானே ஒரு காரணம் கட்டி, ஒரு வருடம் முழுவதும் கந்தோரில் அதைச் சாதித்துக்கொண்டு திரிந்தவன் நான்.

இனித் தீர்ப்பு. என் வாக்கு ரிப்ளிக்கே. ஆனால், அவள் துவக்குத் தூக்கிய காட்சிகளுக்காக அல்ல. ரிட்லி ஸ்கொட் இயக்கிய 1979ஆம் ஆண்டு 'ஏலியன்' படத்தில், வெளியே போன மூவரில் ஒருவர் முகத்தில் ஒரு பிராணி ஒட்டிய நிலையில் திரும்புகிறார். கதவைத் திறக்கும்படி கப்பற்தலைவர் கட்டளையிடுகிறார். அந்நேரம் உள்ளே பொறுப்பிலிருக்கும் ரிப்ளி, நோய்த்தடுப்பு விதியின்படி 24 மணிநேரம் வெளியே வைத்திருக்க வேண்டும் என்று மறுக்கிறாள். விஞ்ஞான அதிகாரி விதியை மீறிக் கதவைத் திறந்துவிட, அதன் பிறகு நடப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஏழு பேர் கொண்ட அந்தக் கலத்தில் சுற்றறிக்கையை வாசித்து, நினைவில் வைத்து, மேலதிகாரிக்கே அதை எடுத்துச் சொன்ன ஒரேயொருத்தி அவள்தான். நிதிப் பிரமாணத்தை மேற்கோள் காட்டி ஒரு வவுச்சரைத் திருப்பி அனுப்பியதற்காக வசை வாங்கிய எவருக்கும் அந்தக் காட்சி புரியும். கணக்குக் கிளையில் இருக்கும் உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. இன்னொன்று: டான் ஓபேனனும் ரொனால்ட் ஷுசெட்டும் எழுதிய மூலத் திரைக்கதையில் பாத்திரங்களுக்குக் குடும்பப் பெயர் மட்டுமே இருந்தது, ஆண், பெண் எவரும் நடிக்கலாம் என்று குறிப்பும் இருந்தது. ரிப்ளி 'கதாநாயகி'க்குரிய வேலைகளைச் செய்யாமல் தன் உத்தியோகத்தைச் செய்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சாரா கட்சியினரும் மனந்தளர வேண்டாம். 1984இல் உணவகத்தில் தட்டேந்திய பெண், 1991இல் வந்த இரண்டாம் படத்தில் மனநோய் மருத்துவமனைக் கட்டிலை நிமிர்த்தி வைத்து அதில் தொங்கி உடற்பயிற்சி செய்யும் முதற் காட்சி ஒன்றே அவர்களுக்குப் போதும். போதாதென்றால், 'டெர்மினேட்டர்', 'ஏலியன்ஸ்' இரண்டையும் தயாரித்தவர் கேல் ஆன் ஹேர்ட் என்ற ஒரே பெண்மணி. ஆகவே உங்கள் கந்தோர்ச் சண்டை ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கும் சண்டைதான்.

கேள்வி: அம்பாறையில் அரச மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். 'அரைவல்' படத்து மொழியியலாளர் லூயிஸ் பாங்க்ஸை நான் முன்மொழிந்தபோது, "அது சண்டையே இல்லாத படம், அவள் பலகையில் எழுதிக்கொண்டு நிற்கிறாள்" என்று எல்லாரும் சிரித்தார்கள். - வாசகர், அம்பாறை.

பதில்: சிரித்தவர்கள் ஒரு நாளாவது உங்கள் கதிரையில் இருந்து பார்க்கட்டும். 2016இல் வந்த அந்தப் படத்தில், வேற்றுலகத்தாரிடம் "நீங்கள் பூமிக்கு வந்த நோக்கம் என்ன?" என்று கேட்டுச் சொல்லும்படி இராணுவ அதிகாரி அவசரப்படுத்துகிறார். அவளோ அந்த ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதி, கேள்வி என்றால் என்ன என்பதே அவர்களுக்குத் தெரியுமா, எதிரே நிற்கும் ஒருவரையா அல்லது வந்த எல்லாரையுமா கேட்கிறோம் என்று துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுகிறாள். தமிழில் கேட்டிருந்தால் சிக்கல் இன்னும் கூடியிருக்கும்; நமது 'நீங்கள்' ஒருவருக்கு மரியாதையாகவும் பலருக்குப் பன்மையாகவும் ஒரே நேரத்தில் நிற்கும் சொல்லல்லவா? பின்னர் 'ஆயுதம்' என்று பெயர்க்கப்பட்ட ஒரு குறி 'கருவி' என்றும் பொருள்படலாம் என்பதில் உலகமே போரின் விளிம்புக்குப் போகிறது. ஒரு கடிதத்தில் ஒரு சொல் பிசகியதால் வந்த வினையைப் பார்த்திராத மொழிபெயர்ப்பாளர் உண்டா? சண்டையே இல்லை என்று சொன்னவர், படம் ஓடும்போது தேநீர் குடிக்க எழுந்து போயிருக்கிறார்.

கேள்வி: தமிழில் இப்படிச் சண்டைபிடிக்கத்தக்க கதாநாயகி ஒருத்தியும் இல்லையா? - வாசகி, காரைதீவு.

பதில்: 1963இலேயே இருந்தார். 'கலை அரசி' படத்தில் வேற்றுக் கிரகவாசி ஒருவன் பானுமதியைக் கடத்திப் போவது அவருடைய பாட்டுக்காக. பாட்டுத்தான் வேண்டுமென்றால் பறக்கும் தட்டைப் பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் இறக்கியிருந்தால், எங்கள் பாடும் மீன்கள் ஆட்கடத்தல் இல்லாமலே பாடிக் காட்டியிருக்கும். 2010இல் வந்த 'எந்திரன்' சனா மருத்துவ மாணவி. ஆனால் பரீட்சையில் அவருக்கு விடை சொல்லிக்கொடுப்பது இயந்திர மனிதன். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளராக நின்ற அனுபவம் உள்ளவன் என்ற முறையில் அவருக்கு என்னால் வாக்களிக்க முடியாது.

கேள்வி: ஆர்தர் சி. கிளார்க் நம் நாட்டில் வாழ்ந்தவர். அவர் தந்த நாயகி யார்? - வாசகர், கல்முனை.

பதில்: 1956இலிருந்து 2008இல் மறையும் வரை இலங்கையே அவருக்கு வீடு. எனினும், அவர் ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற 1968ஆம் ஆண்டுப் படத்தில் நம் மனத்தில் நிற்பது ஹால் என்ற கணினியின் குரல் மட்டுமே. நாயகியை அவரிடம் தேட வேண்டாம்.

கேள்வி: இந்த வீண்கதையை நிறுத்தும்படி எங்கள் கிளைத் தலைவர் எச்சரித்துவிட்டார். என்ன செய்யலாம்? - வாசகர், செங்கலடி.

பதில்: அவர் யார் கட்சி என்று முதலில் கேளுங்கள். நான் வேலைபார்த்த கந்தோரில் ஒருமுறை பிரதம இலிகிதர், கையில் ஒரு கோவையோடு, எங்களை அடக்கத்தான் வந்தார். என்ன விடயம் என்று விசாரித்தார். சொன்னோம். கோவையை மேசையில் வைத்தார். "மீட்க வந்த பொடியனின் துவக்கைப் பறித்து, சுவரில் ஓட்டை போட்டு, அவர்களுக்கே தப்பும் வழி காட்டினாளே 'ஸ்டார் வார்ஸ்' படத்து இளவரசி லேயா, அவளை விட்டுவிட்டு இங்கே யாரைப் பற்றிக் கதைக்கிறீர்கள்?" என்று கேட்டபடி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அன்று தேநீர் வேளை முடிந்தபோது மணி பத்தே முக்கால்.