கடலோரத்தில் உப்புப் பஞ்சம்

வணக்கம் ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற தென் மாநிலங்கள் உப்புக்கு அலைந்ததாக எழுதியிருந்தீர்கள். நீண்ட கடற்கரையும் நல்ல வெயிலும் இருந்தனவே. ஆனையிறவிலும் புத்தளத்திலும் செய்வதுபோலப் பாத்தி கட்டி விளைவித்திருக்கலாமே?

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

வெயில் மட்டும் போதாது, மழையும் விலகி நிற்க வேண்டும். ஆனையிறவில் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்கள் வறண்டவை. பிரிந்த தென் மாநிலங்களில் ஒன்றான புளோரிடாவில் கோடைதான் மழைக்காலம். பாத்தியில் நீர் இறுகிவரும் வேளையில் ஒரு பாட்டம் மழை பெய்தால் பட்ட பாடெல்லாம் வீண். அதனால் காய்ச்சித்தான் எடுத்தார்கள்.

சிக்கல் அங்கேதான். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 27 கிராம் கறியுப்புத்தான் உண்டு. ஒரு புசல், அதாவது 50 இறாத்தல் உப்பு எடுக்க 800 லீற்றருக்கு மேல் வற்ற வேண்டும். திறந்த அடுப்பில் அதற்கு அரைத் தொன்னுக்குக் குறையாத விறகு வேண்டும். அடிமட்டும் வற்றவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்துவிடும். உப்பு கசக்கும், ஈரம் கசியும், இறைச்சி பதப்படுத்த உதவாது. கடைசி நீரை வடித்துக் கொட்ட வேண்டும். அவசரத்தில் கைதவறும் இடம் அதுதான்.

அண்டாக்களும் கிடைக்கவில்லை. இரும்பு வார்க்கும் பட்டறைகள் பீரங்கி வேலைக்குப் போய்விட்டதால், பழைய நீராவிக் கொதிகலன்களை நெடுக்காக அறுத்து அண்டாவாக்கினார்கள். பகலில் புகையும் இரவில் நெருப்பும் வடக்கின் கடற்படைக்கு வழிகாட்டின. 1863 டிசம்பரில் புளோரிடாவின் சென்ட் அன்ட்ரூஸ் குடாவில் கடற்படையினர் இறங்கி உப்படுப்புகளை உடைத்தார்கள்.

இத்தனை பாடு எதற்கு? குளிரூட்டி இல்லாத காலம். படையின் சோறே உப்பிட்ட பன்றி இறைச்சிதான். ஆயிரம் இறாத்தல் இறைச்சிக்கு இரண்டு புசல் உப்பு என்பது வழக்கக் கணக்கு. போருக்கு முன் பருத்தி ஏற்ற வந்த கப்பல்கள் இங்கிலாந்தின் லிவர்பூல் உப்பை, கப்பல் ஆடாதிருக்க வைக்கும் அடிப்பாரமாகக் கொண்டுவந்து மலிவாகக் கொட்டின. உள்நாட்டில் முதலிட யாருக்கும் தேவை இருக்கவில்லை. 1861 ஏப்ரலில் தென் துறைமுகங்களுக்கு வடக்கு கடல் முற்றுகை அறிவித்ததும் அந்த வழி அடைபடத் தொடங்கியது. பிறகு சனங்கள் இறைச்சிக்குப் புகையிடும் கொட்டிலின் மண்தரையைக் கிண்டி, அந்த மண்ணில் நீர் ஊற்றி வடித்துக் காய்ச்சினார்கள். பல வருடங்களாகச் சொட்டிய உப்பு அதில் ஊறியிருந்தது. நினைக்கவே மனம் வலிக்கிறது.

வேர்ஜீனியாவின் சால்ட்வில்லில் கடல்நீரைவிட மிகச் செறிவான உவர்நீர்க் கிணறுகள் இருந்தன. ஜோர்ஜியா போன்ற மாநிலங்கள் தங்கள் மக்களுக்கான உப்பை அங்கேயே காய்ச்ச ஏற்பாடு செய்தன. என் கணிப்பில் உண்மையான தட்டுப்பாடு இங்கேதான் தெரிகிறது: உப்பு குவிந்து கிடந்தது, ஏற்ற ரயில்பெட்டி இல்லை. தேய்ந்த தண்டவாளத்தில் படையும் வெடிமருந்தும் முந்தின, ஒவ்வொரு மாநிலமும் தன் வண்டிக்கு முதலிடம் கேட்டது. லூசியானாவின் ஏவரி தீவில் 1862இல் கண்டெடுத்த பாறையுப்பு 1863 ஏப்ரலில் வடக்கின் படையால் கைவிட்டுப் போனது. 1864 டிசம்பரில் வடக்கின் ஜெனரல் ஸ்டோன்மனின் படை சால்ட்வில்லையும் உடைத்தது.

அக்கால விலைக் குறிப்புகளைப் படிக்கும்போது எந்த ஊர் விலை என்று முதலில் பாருங்கள். உப்புக் காய்ச்சும் இடத்து விலைக்கும் தூரத்துக் கடை விலைக்கும் நடுவே நிற்பவை பெரும்பாலும் வண்டிக்கூலியும் பதுக்கலும்தான்.