வெப் டிசைன் கற்க எந்தப் புத்தகம்?

இந்த முறை வெப் டிசைன் கற்க விரும்புவோரின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மாலை நேரங்களில் இதைக் கற்பிப்பவன் என்பதால், ஒவ்வொரு கடிதத்தையும் எழுதியவர் என் வகுப்பில் எதிரே அமர்ந்து கேட்பதுபோலவே படித்தேன்.

நான் பி.காம். இறுதியாண்டு மாணவி. பக்கத்து வீட்டு அண்ணன், ஜான் டக்கெட் எழுதிய எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். புத்தகத்தைத் தந்தார். 2011இல் வந்தது. வண்ணமும் படமுமாக ஆசையைத் தூண்டுகிறது. ஆனால் என் தோழி, இவ்வளவு பழைய புத்தகம் எதற்கும் உதவாது என்கிறாள். இதையே படிக்கலாமா, புதிதாக வாங்க வேண்டுமா?
*– மாணவி, திண்டுக்கல்*

தாராளமாகப் படியுங்கள், சில அத்தியாயங்களைத் தவிர்த்துவிட்டு.

வெப் டிசைன் புத்தகங்களில் இரண்டு வகை அறிவு கலந்து கிடக்கிறது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் எச்.டி.எம்.எல்., அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சி.எஸ்.எஸ். ஆகியவற்றில் பிரவுசருக்கு என்ன கட்டளை தர வேண்டும் என்பது ஒன்று. இது சில ஆண்டுகளில் மாறிவிடும். மனிதர்கள் ஒரு பக்கத்தை எப்படிப் பார்க்கிறார்கள், எது அவர்கள் கண்ணில் படும், எதைத் தேடிக் களைத்துப்போவார்கள் என்பது இன்னொன்று. இது மாறுவதே இல்லை. எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், பழையதா புதியதா என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உங்கள் கையில் உள்ள புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு, அட்டவணை, படிவம் ஆகியவற்றுக்கான டேகுகளை, அதாவது எச்.டி.எம்.எல். குறிகளைச் சொல்லும் முன்பகுதி இன்றைக்கும் ஏறக்குறைய முழுமையாகச் செல்லும். வண்ணம், எழுத்து, பெட்டி பற்றிய அத்தியாயங்களும் அப்படியே. பெட்டி அத்தியாயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். என்னிடம் வருபவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். 300 பிக்சல் அகலம் என்று எழுதுகிறோம். இருபுறமும் 20 பிக்சல் பேடிங் (உள்ளே விடும் இடைவெளி), 5 பிக்சல் பார்டர் (சுற்றுக் கோடு) தருகிறோம். திரையில் பெட்டி 350 பிக்சல் அகலத்தில் நிற்கிறது. ஏன் என்று காகிதத்தில் படம் வரைந்து, கூட்டிப் பார்த்து, உங்களுக்கே விளங்கும்வரை அடுத்த அத்தியாயத்துக்குப் போக வேண்டாம். பேடிங்கையும் பார்டரையும் அந்த 300க்குள்ளேயே அடக்கும் பாக்ஸ் சைசிங் என்ற கட்டளையை அதற்குப் பிறகு தெரிந்துகொண்டால், அதன் அருமை புரியும்.

எதைத் தவிர்ப்பது? இணையப் பக்கத்தில் அசையும் படமும் வீடியோவும் காட்டப் பயன்பட்ட ஃப்ளாஷ் பற்றிய பக்கங்களை முழுவதுமாக. அடோபி நிறுவனம் 2020 இறுதியோடு ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அடுத்து, பக்க அமைப்பு பற்றிய அத்தியாயம். படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக உருவான ஃப்ளோட் என்ற வசதியை வைத்து, வேறு நல்ல வழி இல்லாததால், முழுப் பக்கத்தையும் நாளிதழ்போல் நெடுக்குப் பத்திகளாகப் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்தின் அகலமும் 960 பிக்சல் என்று எடுத்துக்கொள்வார்கள். 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் சி.எஸ்.எஸ். கிரிட் வந்து சேர்ந்தது. பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதற்கென்றே உருவான முறை. அதற்கு முன்பு எழுதப்பட்ட எந்தப் புத்தகத்திலும் பக்க அமைப்பு அத்தியாயத்தை நம்பி உழைக்காதீர்கள்.

ஆகவே பழைய புத்தகக் கடையில் நிற்கும்போது அட்டையையும் பின்னட்டைப் புகழுரையையும் விட்டுவிட்டு, கடைசிப் பக்கங்களில் உள்ள பொருளடைவைத் திறங்கள். கிரிட், ஃப்ளெக்ஸ்பாக்ஸ் (பொருள்களை ஒரு வரிசையாக அடுக்கும் முறை) ஆகிய இரு சொற்களுக்கும் நேரே எத்தனை பக்க எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தப் புத்தகம் அடிப்படைக்கு மட்டும்தான். பதிப்புரிமைப் பக்கத்தில் மறுஅச்சு ஆண்டைப் பார்த்து ஏமாறவும் கூடாது. 2022இல் மறுஅச்சான புத்தகத்தின் உள்ளே 2012இன் பாடமே இருக்கலாம். எத்தனையாவது பதிப்பு, அந்தப் பதிப்பு எந்த ஆண்டு வந்தது என்பதே முக்கியம்.

டக்கெட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்று வாங்குவதானால், ஜெனிஃபர் ராபின்ஸ் எழுதிய 'லேர்னிங் வெப் டிசைன்' வாங்குங்கள். 2018இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முந்தையது வேண்டாம். 800 பக்கம் இருக்கும். கனத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரு சிற்றுண்டிச்சாலைக்கான பக்கத்தை வெறும் எழுத்திலிருந்து தொடங்கி, படிப்படியாக உங்கள் கையாலேயே கட்ட வைப்பார். அத்தியாய முடிவில் கேள்விகள் உண்டு, விடைகள் புத்தகத்தின் பின்னால் உண்டு. தனியாகக் கற்பவருக்கு இது பெரிய துணை. ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்கும் கிரிட்டுக்கும் போதிய இடம் ஒதுக்கியிருக்கிறார். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கல்லூரி நூலகத்தில் வாங்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மாணவர் கேட்டால் வாங்குகிற நூலகர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வகை அறிவுக்கு ஸ்டீவ் க்ரூக்கின் 'டோன்ட் மேக் மீ திங்க்'. முதலில் 2000இல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2014. அதில் ஒரு வரி நிரல்கூடக் கற்க முடியாது. ஆனால் மக்கள் இணையப் பக்கத்தை வரிவரியாகப் படிப்பதில்லை, மேலோட்டமாகக் கண்ணை ஓட்டுகிறார்கள் என்பதை அது உங்கள் மனத்தில் பதிய வைத்துவிடும். நீங்கள் செய்த பக்கத்தின் முன்னால் யாராவது ஒருவரை உட்காரவைத்து, வாய் திறக்காமல் அவர் எங்கே திணறுகிறார் என்று கவனிப்பதே பெரும் பயன் தரும் என்கிறார். உங்கள் அம்மாவோ அத்தையோ போதும்.

எனக்கு வயது 43. அச்சகத்தில் டி.டி.பி. வேலை. பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் பழகிய கை. காலண்டர், அழைப்பிதழ், லேபிள் எல்லாம் வடிவமைத்திருக்கிறேன். இந்த வயதில் வெப் டிசைன் வருமா? எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?
*– வாசகர், சிவகாசி*

ஐயா, மற்றவர்கள் எளிதில் கற்க முடியாத பாதி உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. ராபின் வில்லியம்ஸ் 1994இல் எழுதிய 'தி நான்-டிசைனர்ஸ் டிசைன் புக்' என்ற சிறிய புத்தகத்தைத் தொடக்கநிலையில் உள்ள எல்லோருக்கும் நான் பரிந்துரைக்கிறேன். வேறுபாடு காட்டுதல், மீண்டும் வரச் செய்தல், நேர்கோட்டில் நிறுத்துதல், தொடர்புள்ளவற்றை அருகருகே வைத்தல் என்ற நான்கு விதிகளை விசிட்டிங் கார்டுகளையும் துண்டறிக்கைகளையும் வைத்தே விளக்குகிறது. நீங்கள் புரட்டினால், இத்தனை ஆண்டுகள் கண்ணளவில் செய்துவந்தவற்றுக்கு அதில் பெயர்கள் இருப்பதைக் காண்பீர்கள். அதைக் கடனாக வாங்கிப் படித்தால் போதும். பணத்தை, மேலே திண்டுக்கல் மாணவிக்குச் சொன்ன ஜெனிஃபர் ராபின்ஸின் 'லேர்னிங் வெப் டிசைன்' புத்தகத்துக்கு வையுங்கள்.

நீங்கள் விட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. அச்சில் தாளின் அளவை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். இணையத்தில் அதை வாசகர் முடிவு செய்கிறார். ஒருவரிடம் 360 பிக்சல் அகலமுள்ள கைப்பேசி, இன்னொருவரிடம் 1920 பிக்சல் திரை. 2010 மே மாதம் ஈதன் மார்காட் ஒரு கட்டுரை எழுதினார். நீட்சியுள்ள கட்டங்கள், நீட்சியுள்ள படங்கள், திரையின் அகலத்தைப் பார்த்து விதிகளை மாற்றும் மீடியா குவெரி ஆகிய மூன்றையும் சேர்த்து, ஒரே பக்கம் எல்லாத் திரைகளிலும் அமையும்படி செய்யலாம் என்று காட்டினார். ரெஸ்பான்சிவ் டிசைன் என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அச்சிலிருந்து வருபவர்களுக்கு அந்த அத்தியாயமே கடினமானது. மில்லிமீட்டர் பிசகாமல் வைத்த படம் இன்னொருவர் கைப்பேசியில் இடம் மாறி நிற்பதைப் பார்த்து மனம் கசப்பது இயல்பு. முதலில் கைப்பேசி அகலத்துக்குப் பக்கத்தை அமைத்து, பிறகு பெரிய திரைக்கு விரியச் செய்யுங்கள், கசப்பு குறையும்.

தமிழ் பற்றி எந்த ஆங்கிலப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள். அதில் தட்டச்சு செய்ததை அப்படியே இணையத்தில் ஏற்றினால், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும், தேடுபொறிக்கும் அகப்படாது. உங்கள் பழைய கோப்புகளை முதலில், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுங்கள். பக்கத்தின் நிரலில், எழுத்துக் குறியீடு யு.டி.எஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) என்றும், மொழி தமிழ் என்றும் குறிப்பிடுங்கள். உங்கள் கணினியில் உள்ள எழுத்துருவை இணையத்தில் ஏற்ற உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஏற்ற வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, கைப்பேசியிலும் தெளிவாக இருக்கின்றன.

ஆங்கிலப் புத்தகங்களில் வரும் வரி இடைவெளி அளவுகள் தமிழுக்கு நெருக்கமாகிவிடும். கீ, ணு போன்ற எழுத்துகள் மேலும் கீழும் நீள்கின்றன அல்லவா? நான் எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு வைக்கிறேன். பத்தியின் இருபுறமும் நேராக்கும் பழக்கத்தையும் கைப்பேசியில் விட்டுவிடுங்கள். நம் சொற்கள் நீளமானவை, அவற்றின் இடையிடையே வெற்றிடம் ஆறுபோல் ஓடும். ஆங்கிலத்தில் அழுத்தம் காட்டச் சாய்வெழுத்து தருவார்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரைந்த சாய்வெழுத்து இல்லை, பிரவுசர் இருக்கிற வடிவத்தையே இழுத்துச் சாய்த்துவிடும். தடித்த எழுத்தோ வண்ணமோ பயன்படுத்துங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுத்துகளுக்கு நடுவே இவ்வளவு காலம் வாழ்ந்த ஒருவர் தமிழில் இணையப் பக்கங்கள் செய்ய வந்தால், தமிழ் இணையத்துக்குத்தான் லாபம். வாருங்கள்.

ஆங்கிலத்தில் 800 பக்கம் படிக்க என்னால் முடியாது. தமிழில் நல்ல புத்தகம் உண்டா?
*– இல்லத்தரசி, தென்காசி*

உண்டு. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் எச்.டி.எம்.எல்.', 'எளிய தமிழில் சி.எஸ்.எஸ்.' ஆகிய இரண்டும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் மின்னூல்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. டேகுகள் எல்லாம் ஆங்கிலச் சுருக்கங்களே. விளக்கம் தமிழில் இருந்தால் அவற்றை மனத்தில் நிறுத்துவது எளிது. ஒவ்வொரு உதாரணத்தையும் நகலெடுத்து ஒட்டாமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஒரு குறியை விட்டுவிட்டால் பக்கம் கலைந்துபோகும். எங்கே விட்டோம் என்று தேடும் அந்தப் பத்து நிமிடத்தில் கற்பது புத்தகத்தில் இல்லை. பக்க அமைப்பு பகுதிக்கு மட்டும், மேலே திண்டுக்கல் மாணவிக்குச் சொன்ன சோதனையை வைத்துப் பாருங்கள். கிரிட்டும் ஃப்ளெக்ஸ்பாக்ஸும் போதிய அளவு இல்லையென்றால், அந்த இரண்டை மட்டும் எம்.டி.என். என்ற இணையத் தொழில்நுட்பக் கையேட்டுத் தளத்தில் உதாரணங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அங்கே விளக்கம் ஆங்கிலத்தில்தான், ஆனால் உதாரண நிரல் நிறைய உண்டு.

செலவு எதுவும் இல்லை. கணினியில் நோட்பேட் இருக்கிறது, பிரவுசர் இருக்கிறது. கோப்பின் பெயர் .html என்று முடியும்படி சேமித்து, இரண்டு முறை சொடுக்கினால் பக்கம் திறக்கும். சர்வரும் வேண்டாம், இணைய இணைப்பும் வேண்டாம்.

ரியாக்ட் தெரிந்தால்தான் வேலை என்கிறார்கள். நேரடியாக ஜாவாஸ்கிரிப்ட் புத்தகத்தில் தொடங்கலாமா?
*– பொறியியல் மாணவர், சேலம்*

வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட், பக்கத்தை இயங்கவைக்கும் நிரல்மொழி. ரியாக்ட், அதில் எழுதப்பட்ட ஒரு கருவித்தொகுப்பு. மரைன் ஹேவர்பெக் எழுதிய 'எலோக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்' அருமையான புத்தகம். நான்காம் பதிப்பு 2024இல் வந்தது, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் எச்.டி.எம்.எல். தெரியாமல் அதில் இறங்குபவர்கள் தேவையில்லாத இடத்தில் நிரல் எழுதிக் குவிப்பதை நிறையப் பார்க்கிறேன். சொடுக்கினால் விரிந்து மூடும் கேள்வி-பதில் பகுதிக்கு டீடெய்ல்ஸ், சம்மரி என்ற இரண்டு டேகுகள் போதும். படிவத்தில் மின்னஞ்சல் முகவரி சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று, இன்புட் வகையை ஈமெயில் என்று கொடுத்தால் பிரவுசரே பார்த்துச் சொல்லும். இரண்டிலும் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் கிடையாது. முதலில் உங்கள் கல்லூரித் துறைக்கு ஐந்து பக்கம் கொண்ட ஒரு தளத்தை எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். மட்டும் வைத்துச் செய்யுங்கள். அவை இரண்டாலும் முடியாதது எது என்று அப்போது உங்களுக்கே பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலோடு ஹேவர்பெக்கின் முதல் அத்தியாயத்தைத் திறங்கள்.