வாசகர் கேள்வி பதில்: அப்பப்பாவின் வில்லிஸ் ஜீப்

கேள்வி: அப்பப்பா ஐம்பதுகளில் ஏலத்தில் எடுத்த இராணுவ ஜீப் ஒன்று எங்கள் வளவில் நெடுங்காலமாக நிற்கிறது. பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடியது. இப்போது எஞ்சின் இறுகிவிட்டது. சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்த மகன் என்னோடு சேர்ந்து திருத்த வேண்டுமென்று நிற்கிறான். எங்கிருந்து தொடங்குவது?
கோப்பாய் வாசகர்

பதில்: ஸ்பானரைத் தூக்க முதல் வாகனப் பதிவுப் புத்தகத்தைத் தேடியெடுங்கள். அதிலுள்ள சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் ஜீப்பில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். இலக்கத்தை பெயின்ற் மூடியிருந்தால் மண்ணெண்ணெயும் நைலோன் பிரஷும் போதும். கிரைண்டர் வைத்தால் இலக்கமே அழிந்துவிடும், பிறகு எந்தக் கடிதம் கொடுத்தாலும் சிக்கல்தான். ஒத்துவராவிட்டால் ஒரு சதமும் செலவழிக்காமல் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போங்கள்.

அடுத்து, உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். ரேடியேற்றருக்கு முன்னால் சேசியின் இரண்டு பக்கத்தையும் இணைக்கிற குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த எம்.பி. கவிழ்த்த பீலி மாதிரி இருந்தால் போர்ட் நிறுவனம் அதே வரைபடத்தில் செய்த ஜி.பி.டபிள்யூ. பின்பக்கம் திறக்கிற கதவு இருந்தால் போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. எஞ்சினும் கியர்பெட்டியும் மாறுபட்டுக் கிடந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எழுபது எண்பது வருடத்தில் கைக்கு வந்ததைப் பூட்டி ஓடியிருப்பார்கள்.

எஞ்சின் இறுகிவிட்டது என்றதும் பலர் ட்ரக்டரில் கட்டி கியரில் இழுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். கறள் பிடித்த இடத்தில் பிஸ்ரனின் ரிங் ஒட்டியிருக்கும்போது இழுத்தால் ரிங் உடைந்து சிலிண்டர்ச் சுவரைக் கீறிவிடும். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஏ.ரி.எஃப். என்கிற ஓட்டோமற்றிக் கியர்பெட்டி ஒயிலும் மண்ணெண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் 30 மில்லிலீற்றர் விடுங்கள். ஒரு கிழமை விட்டுவைத்து, கியர் நியூற்றலில் இருக்கிறதா என்று பார்த்து, எஞ்சினைக் கையால் சுற்றுகிற முன்பக்கக் கைப்பிடியைப் பூட்டி இரண்டு பக்கமும் மெல்ல அசையுங்கள். அசையாவிட்டால் இன்னுமொரு கிழமை. ஒரு மயிரளவு அசைந்தாலும் அது வெற்றிதான், அங்கிருந்து பொறுமையாக முன்னும் பின்னும் கொண்டுபோனால் விட்டுக்கொடுக்கும்.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் என்பதால் ஒரு வேலை கூட. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத மிச்சம் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற சம்புக்குள் இறங்கும். ஒயில் மெலியும், பேரிங் தேயும், ரிங் தவாளிப்பில் கரி இறுகும். ஆகவே பழைய ஒயிலை வடித்தால் போதாது, சம்பையே இறக்குங்கள். உள்ளே மிதக்கும் வலை வடி ஒன்று இருக்கும். அது கறுப்புக் களியால் அடைபட்டிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புது ஒயில் ஊற்றினால் ஒயில் மேலே ஏறாது. எல்லாம் பூட்டியபின் ஸ்ரார்ட் பண்ணிச் சூடாக்கி, ஒவ்வொரு சிலிண்டரின் கொம்பிரஷனையும், அதாவது உள்ளே அமுங்கும் காற்றின் அழுத்தத்தை, அளவெடுங்கள். நான்கும் 10 பி.எஸ்.ஐ.க்குள் ஒன்றையொன்று ஒத்திருப்பது முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளவுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

பரீட்சார்த்தமாக ஓட்டும்போது ஜீப்பின் பெற்றோல் ராங்கியை நம்பவேண்டாம். ட்ரைவர் சீற்றுக்குக் கீழே உள்ள அதன் அடிக்குழியில் தண்ணீர் தேங்கிக் கறள் கட்டியிருக்கும். மீன்பிடிப் படகு எஞ்சினுக்குப் பாவிக்கிற கான் ஒன்றை இரவல் வாங்கி, குழாயை நேரே பம்பில் கொடுங்கள்.

கேள்வி: பதினாறு வயது மகளும் அப்பாவும் இதேபோல ஒரு ஜீப்பில் வேலை செய்கிறார்கள். எந்த வேலையை அவளிடம் முழுதாக ஒப்படைக்கலாம்? எதில் தொட விடக்கூடாது?
பருத்தித்துறையிலிருந்து ஒரு தாய்

பதில்: வால்வு தன் ஆசனத்தில் காற்றுப் போகாமல் பொருந்தும்படி உரைக்கிற வேலையைக் கொடுங்கள், அம்மா. பலம் தேவையில்லை, நுணுக்கம்தான் தேவை. பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகவே செய்வார்கள். இந்த எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் புளொக்கிலேயே இருப்பதால், ஹெட்டைக் கழற்றியதும் எட்டும் கண்முன்னே தெரியும். பக்கவாட்டு மூடியைத் திறந்து ஸ்பிரிங் பூட்டுகளை எடுக்க முதல், அந்த அறையின் தரையில் உள்ள ஒயில் துவாரங்களில் துணி அடைக்க வேண்டும். மறந்தால் பூட்டு நழுவிச் சம்புக்குள் போய்விடும், திரும்பவும் சம்பைக் கழற்ற வேண்டி வரும்.

வால்வின் முகத்தில் மெல்லிய உரைப்புப் பசை தடவி, நுனியில் ரப்பர் உறிஞ்சி உள்ள குச்சியை ஒட்டவைத்து, மத்துக் கடைவது மாதிரி இரு உள்ளங்கைக்கும் நடுவில் முன்பின்னாக உருட்டச் சொல்லுங்கள். பத்துத் தடவைக்கு ஒருமுறை தூக்கிக் கால் சுற்றுத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கீறல் விழும். பளபளப்புப் போய், அறாமல் சுற்றிவரும் சாம்பல் நிற வளையம் ஒன்று தெரியும்போது நிறுத்தலாம். அகலம் 1/16 அங்குலம் அளவில் இருக்கட்டும். பிறகு முகத்தில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, ஆசனத்தில் வைத்துக் கால் சுற்றுத் திருப்பி எடுத்தால் எல்லாக் கோடும் அழிந்திருக்க வேண்டும். ஒரு கோடு தப்பினாலும் அந்த இடத்தில் காற்றுப் போகும். பசையை மண்ணெண்ணெயால் துளிகூட மிஞ்சாமல் கழுவ வேண்டும், மிஞ்சினால் அது சிலிண்டரைத் தின்னும். எந்த வால்வு எந்தத் துவாரத்துக்குரியது என்று இலக்கம் போட்ட அட்டையில் குத்தி வைக்கட்டும். பூட்டியபின் குளிர்ந்த எஞ்சினில், வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளுகிற டப்பற்றுக்கும் உள்ள இடைவெளி எம்.பி.க்கு 0.014 அங்குலம். ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டைப் பிடித்து அளப்பதையும் அவளே செய்யட்டும்.

விடக்கூடாதவை: பெற்றோல் ராங்கியில் வெல்டிங். எத்தனை தரம் கழுவினாலும் ஆவி மிஞ்சும், அதைப் பெரியவர்களும் வீட்டில் செய்யக்கூடாது. பழைய பிறேக் லைனிங் தூசியில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். கொம்பிரசரால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், அதைத் தண்ணீர் போட்டே தேய்க்க வேண்டும். இராணுவ ஜீப்பின் சில்லு சிலவற்றில் றிம் இரண்டு பாதியாக நட் போட்டுப் பூட்டியிருக்கும். ரியூப் வால்வின் உள்கம்பியைக் கழற்றிக் காற்றை முற்றாக இறக்காமல் அந்த நட்டில் கை வைத்தால் உயிராபத்து. வாகனத்தின் கீழே போகிற நாளில் அக்சில் ஸ்ராண்ட் நிறுத்துங்கள். கிடைக்காவிட்டால் தட்டையாக அரிந்த பனங்குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். சீமெந்துக் கல் திடீரென்று நொறுங்கும், அதன்மேல் ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

வீதியில் ஓட்டுவதற்கு அவளுக்கு 18 வயதாக வேண்டும்.

கேள்வி: கடற்காற்றில் ஜீப் முழுக்கக் கறள். தேய்த்துத் தேய்த்து அலுத்துவிட்டது. வேறு வழி?
வேலணை வாசகர்

பதில்: சிறிய பாகங்களுக்கு மின்முறைதான் சிறந்தது. பிளாஸ்ரிக் தொட்டியில் 10 லீற்றர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பற்றரி சார்ஜரின் நெகற்றிவ்வைக் கறள் பிடித்த பாகத்திலும், பொசிற்றிவ்வைப் பழைய இரும்புத் துண்டிலும் கொடுத்து, இரண்டும் முட்டாமல் அமிழ்த்துங்கள். பொசிற்றிவ் பக்கம் எவர்சில்வர் வேண்டவே வேண்டாம், நச்சுக் குரோமியம் கரையும். ஐதரசன் வாயு வருவதால் திறந்தவெளியில் வையுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. ஸ்பிரிங்கையும் உயர்வலுப் போல்ட்டையும் இந்தத் தொட்டியில் போடாதீர்கள், உள்ளுக்குள் நொய்ந்து பிறகு முறியும். வெளியே எடுத்ததும் மழைத் தண்ணீரால் கழுவுங்கள். தீவுப்பகுதிக் கிணற்றில் உப்பு இருந்தால் பட்ட வேலை வீண். அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

பொடியில் முதலில் பார்க்க வேண்டியது தரைத்தகட்டுக்குக் கீழே ஓடும் தொப்பி வடிவப் பீலிகள். அவற்றுக்குள் மரக்கட்டை வைத்தே கட்டியிருப்பார்கள். மரம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்க, தகரம் உள்ளிருந்து அழியும். மேலே புட்டி பூசி மறைத்தால் ஒரு மாரிகூடத் தாங்காது. வெட்டி எடுத்து, தார் பூசிய பாலைக் கட்டை வைத்து, தண்ணீர் வடியத் துவாரம் விட்டுப் புதுப் பீலி போடுங்கள்.

கேள்வி: 6 வோல்ட்டை 12 ஆக்கலாமா?
நல்லூர் வாசகர்

பதில்: ஆக்குங்கள், 6 வோல்ட் பற்றரி தேடி அலையத் தேவையில்லை. பல்ப், கொயில், டைனமோவும் ரெகுலேற்றரும், ஹோர்ன் எல்லாம் மாறவேண்டும். பழைய ஸ்ராட்டர் 12இலும் சுற்றும், ஆனால் சில விநாடிகளுக்கு மேல் அழுத்தாதீர்கள். 6இலேயே வைத்திருப்பவர்கள் பற்றரி வயரை விரல் தடிப்பில் போடவேண்டும். காரில் வரும் மெல்லிய வயர்தான் ‘ஸ்ராட்டர் இழுக்கவில்லை’ என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம்.

கேள்வி: எஞ்சின் ஓடுகிறது. பிறேக்கை மிதித்தால் தரைக்குப் போகிறது. மகன் ஒழுங்கையில் ஒரு சுற்றுப் போவோம் என்று ஆக்கினைப்படுத்துகிறான்.
சாவகச்சேரி வாசகர்

பதில்: போகவேண்டாம். உண்மையில் எஞ்சினுக்கு முதலே பிறேக்கைத்தான் முடித்திருக்க வேண்டும். இந்த ஜீப்பின் பிறேக்கில் ஒரே ஒரு சுற்றுத்தான். எங்கே ஒழுகினாலும் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை. மாஸ்ரர் சிலிண்டர் ட்ரைவரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருப்பதால் மழைநீரும் சேறும் அதைத்தான் பிடிக்கும். உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். நகம் தட்டுகிற குழி இருந்தால் ரப்பர் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். சில்லுச் சிலிண்டர் முன்னுக்கு 1 அங்குலம், பின்னுக்கு 3/4 அங்குலம். மாறிப் பூட்டினால் பின்சில்லு முதலில் இறுகி நின்று வாகனம் வழுக்கும். இரும்புக் குழாய் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள்.

பிறேக் ஒயில் டொட் 3 அல்லது டொட் 4 தரத்தில் இருக்கவேண்டும். எஞ்சின் ஒயிலோ ஏ.ரி.எஃப்.போ சிறிது கலந்தாலும் ரப்பர் ஊதி, மிதித்த பிறேக் திரும்ப விடாது. பிறேக் குழாய்களில் உள்ள காற்றை எடுக்கும்போது தூரத்துச் சில்லிலிருந்து வாருங்கள்: பின் வலம், பின் இடம், முன் வலம், முன் இடம். ஒருவர் மிதித்துப் பிடிக்க மற்றவர் சில்லுச் சிலிண்டரில் உள்ள காற்றெடுக்கும் நிப்பிளைத் திறந்து மூடுவது. மூடும்வரை காலை எடுக்கக்கூடாது, எடுத்தால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும்.

எம்.பி.யின் இடப்பக்கச் சில்லு நட்டுகள் இடதுபுரி, கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழரும். வழக்கம்போல் திருப்பி, வராதென்று ஸ்பானரில் ஏறி மிதித்துத்தான் பலர் போல்ட்டை முறிக்கிறார்கள். உதிரிப்பாகம் தேடுபவர்களுக்கு: மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் உரிமத்தில் நெடுங்காலம் ஜீப் செய்ததால், அதற்கு வந்த பிறேக், அக்சில் பாகங்கள் பல இதற்கும் பொருந்தும். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பாகத்தையும், நுணுக்கமாக அளக்கிற வேர்ணியர் ஒன்றையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே அளந்து பார்த்து வாங்குங்கள்.