ஐந்து கருப்புப் பொட்டு

வணக்கம் சார்,

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் பூ வரையச் சொன்னால் பிள்ளைகள் கைடைப் பார்த்து வரைகிறார்கள். இந்த வருஷம் வெளியே கூட்டிப்போய், நிஜப் பூவைப் பார்த்து வரையச் சொன்னேன். "போன்ல போட்டோ எடுத்து ஒட்டிரலாமே மிஸ்?" என்றான் ஒரு பையன். ஸ்டாஃப் ரூமில், "நீங்க என்ன டிராயிங் மிஸ்ஸா?" என்று கிண்டல் வேறு. இரண்டுக்குமே எனக்குப் பதில் வரவில்லை. செடியை வரைவது அறிவியலா, கலையா? நீங்கள் வரைகிறவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி, கோத்தகிரி

*

அன்புள்ள டீச்சர்,

கிண்டலை விடுங்கள். பையன் கேட்டது நல்ல கேள்வி. நானும் ஒரு காலத்தில் போட்டோவை வைத்து வரைந்தவன்தான்.

அவலாஞ்சிப் பக்கம் ஒரு காட்டுப்பூவரசு மரம். ரோடோடென்ட்ரான் என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். கொத்துக் கொத்தாகச் சிவப்பு. போட்டோ எடுத்து வந்து, வீட்டில் உட்கார்ந்து இரண்டு நாள் வரைந்தேன். இலையின் அடிப்புறத்தில் இருக்கும் பழுப்பு ரோமப் படலம்கூட நன்றாக வந்திருந்தது. பெருமையோடு அங்கே வனத்துறை வாட்சர் ஒருவரிடம் காட்டினேன். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பூவுக்குள்ள அஞ்சு கருப்புப் பொட்டு இருக்குமே சார், அத எங்க காணோம்? குருவி அதுக்குத்தான வருது" என்றார்.

திரும்பப் போய்ப் பூவைப் பிரித்துப் பார்த்தேன். மணி போன்ற பூவின் அடியில் ஐந்து கருஞ்சிவப்புப் பைகள், உள்ளே தேன். குருவி அதற்காகத் தலையை நுழைக்கும்போது பத்து மகரந்தத்தாள்களும் அதன் நெற்றியில் உரசும். இதில் என்னை உறுத்தியது வேறு: என் போட்டோவிலும் அந்தப் பொட்டுகள் இருந்தன. நிழல் என்று நினைத்து நான்தான் விட்டுவிட்டேன். கேமரா பார்த்துவிட்டது, நான் பார்க்கவில்லை. போட்டோவைப் பார்த்து வரைவதும் கைடைப் பார்த்து வரைவதும் ஒன்றுதான் டீச்சர்.

நம் மலைச் செடிகளுக்கு இதில் ஒரு பெரிய கதை உண்டு. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் கோயமுத்தூரில் பருத்திச் சாகுபடியை மேற்பார்த்தபடியே, நீலகிரித் தாவரங்களைப் பற்றி 1846 முதல் 1851 வரை வண்ணப் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய இன்னொரு நூல்தொகுதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவருக்காக வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு நம்மூர் ஓவியர்கள்.

அந்தப் படங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். அப்படி ஒரு செடி எங்கும் கிடையாது! ஒரே கிளையில் மொட்டு, பூ, காய். கீழே சூலகத்தைக் குறுக்கே வெட்டிய படம். போட்டோவில் இருப்பது ஒரு செடியின் ஒரு நாள். வரைகிறவர் பல செடிகளையும் சில மாதங்களையும் ஒரே தாளில் கொண்டுவந்துவிடுகிறார். அதற்கு எண்ண வேண்டும், அளக்க வேண்டும். அந்தப் படங்களைக் கல்லில் வரைந்து, அதிலிருந்து தாளில் அச்செடுத்தார்கள். அந்தக் கல்லச்சில் இன்னொரு வம்பும் உண்டு. கல்லில் நேராக வரைந்தால் தாளில் இடம் வலமாக விழும். காட்டு வள்ளிக்கிழங்குகளில் கொடி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதே இனம் பிரிக்கிற அடையாளம். அசந்தால் வேறு செடியாகிவிடும்.

வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார். பிற்பாடு அந்தச் செடி வேறொரு பேரினத்தில் சேர்க்கப்பட்டது, கோவிந்துவின் பெயர் புழக்கத்திலிருந்து போய்விட்டது. வகைப்பாட்டு விதிப்படி சரிதான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அறிவியலா கலையா என்றால், பூச்சி அரித்த இலையை வைத்துச் சொல்வேன். இனத்தின் அடையாளத்துக்காக வரைகிறவர் அந்த ஓட்டையை அடைத்து முழு இலையாக்கிவிடுவார். என்னால் முடியாது, அந்த ஓட்டைக்காகவே வரைய உட்காருவேன். இரண்டு பேரும் பிரிகிற இடம் அதுதான். அதுவரைக்கும் ஒரே வழிதான், ஒரே முதுகுவலிதான்.

காட்டுப்பூவரசைத் தேடி நீங்கள் பிள்ளைகளை எங்கும் இழுத்துப்போக வேண்டாம். பள்ளிக்கூட வேலியோரம் உண்ணிச்செடி கட்டாயம் இருக்கும். அந்தப் பையனை முதலில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டு, மஞ்சள் எங்கே, ரோஸ் எங்கே என்று கேளுங்கள். கலந்து இருக்கிறது என்பான். பிறகு பென்சிலைக் கொடுத்து ஒரு கொத்தை வரையச் சொல்லுங்கள். மஞ்சளெல்லாம் நடுவில், ரோஸெல்லாம் ஓரத்தில் என்று கைதான் அவனுக்குச் சொல்லும். ஓரப் பூ முதலில் விரிந்தது, வயசானது. நடுப் பூ இன்று விரிந்தது. பட்டாம்பூச்சி எந்த நிறத்தில் அதிகம் உட்காருகிறது என்று எண்ணச் சொல்லி எனக்கும் எழுதுங்கள்.