பெட்ரோல் போடுகிறவனுக்குக் கேட்க வாய் உண்டா?

கேள்வி: பைக்குக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டே, கடலில் எண்ணெய் கொட்டினால் கம்பெனியைத் திட்டுவது பாசாங்கு இல்லையா? (வாசகர், திருப்பூர்)

பதில்: இல்லை. ஓட்டலில் சாப்பிட்டு வாந்தி எடுத்தவனிடம் போய் "உனக்கு ஏன்டா பசித்தது?" என்றா கேட்பீர்கள்? 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் செத்தார்கள், அதற்கப்புறம் 87 நாள் எண்ணெய் பீறிட்டுக்கொண்டே இருந்தது. நாம் வண்டி ஓட்டியதாலா வெடித்தது? கிணற்றுக்குள் போட்ட சிமெண்ட் சரியாகப் பிடிக்கவில்லை. அழுத்தச் சோதனையில் எண்கள் உதைத்தபோது ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கடைசிக் காவலாகக் கடலடியில் வைத்திருந்த அடைப்புக் கருவியும் கைவிட்டது. இது படுமோசமான அலட்சியம் என்று 2014-ல் அமெரிக்க நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அந்தக் கிணற்றின் சொந்தக்காரரான பிபி நிறுவனம்தான், அதற்குச் சில வருடம் முன்பு, 'உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?' (அதாவது, உங்களால் காற்றில் சேரும் கரியமில வாயு எவ்வளவு?) என்று விளம்பரம் செய்து, வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுப் பார்க்க இணையத்தில் வசதியும் செய்து கொடுத்தது. எண்ணெய் எடுத்து விற்கிறவன் வாங்குகிறவனைப் பார்த்துக் கணக்குக் கேட்கிறான்! உங்கள் கேள்வியில் இருக்கிற குற்ற உணர்ச்சி கொஞ்சம் அங்கிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

கேள்வி: கோடிக்கணக்கில் அபராதம் போடுகிறார்களே, போதாதா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: தொகையை மட்டும் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். 2015-ல் பிபி ஒப்புக்கொண்ட தீர்வு 2,080 கோடி டாலர். ஆனால் அதில் பெரும்பகுதியைத் தொழில் செலவாக வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள இடம் இருந்தது, 11 பேர் சாவுக்கு ஒருவர்கூட ஜெயிலுக்குப் போகவில்லை.

அலாஸ்கா கதை இன்னும் கசப்பு. 1989 மார்ச்சில் எக்ஸான் கம்பெனியின் 'எக்ஸான் வால்டீஸ்' எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதிக் கடலில் எண்ணெயைக் கொட்டியது. 1994-ல் ஜூரி தண்டனையாகப் போட்டது 500 கோடி டாலர். கம்பெனி மேல்முறையீடு, மேல்முறையீடு என்று இழுத்தடித்து, 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 50 கோடியாக வெட்டியது, அதற்குள் வழக்குப் போட்ட மீனவர்களில் பலர் இறந்தே போயிருந்தார்கள். பணம் இருக்கிறவனுக்குத் தாமதம் லாபம், அவ்வளவுதான். ஒரு நல்லதும் நடந்தது: அந்த விபத்துக்குப் பிறகு வந்த 1990-ம் வருட அமெரிக்கச் சட்டம், எண்ணெய்க் கப்பல்களுக்கு அடியிலும் பக்கங்களிலும் இரட்டைச் சுவர் வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அபராதத்தைவிட எனக்கு இதுதான் பெரிசாகத் தெரிகிறது.

கேள்வி: நம் எண்ணூர்? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையில் வாளியால் எண்ணெய் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தபோதும் மீனவர்களே இறங்கிக் கையால் அள்ளினார்கள். நடுவில் கிட்டத்தட்ட ஏழு வருடம் இருந்தது. எண்ணெய் வந்த அன்றே தடுப்பு மிதவையும் உறிஞ்சும் கருவியும் இறங்க வேண்டும், அந்தச் செலவு கம்பெனியுடையது. வெறும் நிவாரணத் தொகையோடு நிறுத்திக்கொள்ளாமல் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: சரி, நாங்கள் என்னதான் குறைப்பது? ராத்திரி எட்டு மணிக்கு மேல் எங்கள் பக்கம் டவுன் பஸ்ஸே இல்லை. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நிறையவே குறைக்கலாம். ஆனால் கம்பெனிக்காகச் செய்யும் பிராயச்சித்தமாக வேண்டாம், உங்கள் பர்ஸுக்காகச் செய்யுங்கள். நாடு கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறது, வளைகுடா நாடுகளில் சண்டை என்றால் நம் ஊர் பங்க்கில் வயிறு கலங்குகிறது. தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டரை எடுக்காதீர்கள், டயரில் காற்றைப் பாருங்கள், அடுத்த வண்டி வாங்கும்போது பேட்டரி வண்டியை யோசியுங்கள். பிளாஸ்டிக் ஸ்ட்ராவை மறுப்பதெல்லாம் நல்லதுதான், ஆனால் எண்ணெய்க் கணக்கில் அது துளி. பெரிய மிச்சம் பஸ்ஸில்தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் உங்கள் பக்கம் டவுன் பஸ்ஸே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியிருக்க நீங்கள் ஸ்கூட்டர் வைத்திருப்பதில் ஒரு தப்பும் இல்லை. தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அந்த பஸ்ஸுக்காக ஒரு மனு கொடுங்கள், ரசீது வாங்க மறக்காதீர்கள்.