எம்.எம்.பி.டி.யு. முதல் பிக் வரை: எரிவாயுச் சொற்கள், கேள்வி பதில்

எரிவாயுக் குழாய்ப் பராமரிப்பில் பல வருடமாக இருக்கிறேன். சொற்களைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சார், எங்கள் அபார்ட்மென்டுக்குக் குழாய் கேஸ் வந்துவிட்டது. பில்லில் எஸ்.சி.எம். என்று இருக்கிறதே, சிலிண்டர் கணக்கில் அது எவ்வளவு?

ஸ்டாண்டர்ட் க்யூபிக் மீட்டர். வாயு சூட்டில் விரியும், அழுத்தினால் சுருங்கும். அதனால் 15 டிகிரி செல்சியஸ், கடல்மட்டக் காற்றழுத்தம் என்று ஒரு நிலையை வைத்து, அந்த நிலையில் அது அடைக்கும் கன மீட்டரைக் கணக்கிடுகிறோம். 14.2 கிலோ சிலிண்டர் தரும் வெப்பம் சுமார் 18 எஸ்.சி.எம்.முக்குச் சமம். இரண்டு மாத பில்லில் 18 வந்தால் ஒரு சிலிண்டர் தீர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

செய்திகளில் விலையை எம்.எம்.பி.டி.யு. என்று சொல்கிறார்கள். 'எம்' ஏன் இரண்டு?

ரோமானிய எண்ணில் எம் என்றால் ஆயிரம். இரண்டு எம் ஆயிரம் ஆயிரம், அதாவது பத்து லட்சம். பி.டி.யு. வெப்ப அளவு: ஒரு தீக்குச்சி முழுதாக எரிந்தால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு பி.டி.யு. ஆக, பத்து லட்சம் தீக்குச்சிகளின் வெப்பத்துக்கு விலை சொல்கிறார்கள். கன அளவுக்கு விலை வைக்காததற்குக் காரணம், ஒரு கிணற்று வாயுவும் இன்னொரு கிணற்று வாயுவும் ஒரே சூடு தருவதில்லை.

எல்.என்.ஜி.யும் எல்.பி.ஜி.யும் ஒன்றுதானே?

இல்லை. சமையல் சிலிண்டரில் இருக்கும் எல்.பி.ஜி. புரொப்பேனும் பியூட்டேனும். எல்.என்.ஜி. திரவமாக்கிய இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன்; குழாய் கேஸும் அதே மீத்தேன்தான். அதை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, கன அளவு 600-ல் ஒரு பங்காகிவிடும். அப்படித்தான் கப்பலில் எண்ணூர் முனையத்துக்கு வருகிறது. அங்கே மறுபடி சூடாக்கி வாயுவாக்குவதற்கு ரீகேஸிஃபிகேஷன் என்று பெயர்.

இந்த வித்தியாசம் அடுப்படியில் உயிர் காக்கும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். குழாய் கேஸ் காற்றைவிட இலேசு, மேலே போய்க் கூரையடியில் சேரும். அதனால் குழாய் கேஸ் உள்ள வீட்டில் மேல் வென்டிலேட்டரைத் தயவுசெய்து அடைக்காதீர்கள். வாசனை வந்தால் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வாருங்கள். எந்த ஸ்விட்சையும் தொடவேண்டாம், அணைக்கக்கூட.

அந்த நாற்றம் வாயுவுடையதா?

மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. நாம் முகர்வது மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம், வேண்டுமென்றே கலப்பது. 1937-ல் அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் பள்ளியில் வாயு கசிந்தது யாருக்கும் தெரியவில்லை. வெடித்து முந்நூறு பேர் வரை இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதன் பிறகுதான் வாசனை சேர்ப்பது அங்கே சட்டமானது. அந்த நாற்றத்தைத் திட்டுபவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

ஐயா, திருவாரூர்ப் பக்கம் எங்கள் வயலில் குழாய் போகிறது. ஆர்.ஓ.யு. என்றால் நிலம் அவர்களுடையதாகிவிடுமா?

ஆகாது. ரைட் ஆஃப் யூசர், அதாவது பயன்பாட்டு உரிமை மட்டும். 1962-ஆம் வருடச் சட்டப்படி பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும், நெல் நடலாம், உளுந்து போடலாம். ஆனால் குழாய் போகும் அந்த நிலத் துண்டுக்குள் வீடு கட்டுவதோ, கிணறோ குளமோ வெட்டுவதோ, மரம் நடுவதோ கூடாது. மண் அள்ள பொக்லைன் கூப்பிடுவதற்கு முன் குறியீட்டுக் கல்லில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்துவிடுங்கள்.

சி.என்.ஜி.யை லிட்டரில் ஊற்றாமல் ஏன் கிலோவில் தருகிறார்கள், அண்ணா?

200 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு அளவுக்கு அழுத்திய வாயு அது. வெயிலுக்கு அழுத்தம் மாறும், எடை மாறாது.

'பிக்' விடுவது என்கிறார்களே?

குழாயின் உள்விட்டத்துக்குப் பொருந்துகிற துப்புரவுக் கருவி. வாயுவின் அழுத்தமே பின்னாலிருந்து தள்ளும். மறுமுனையில் அது கொண்டுவரும் கறுப்புத் தூளில் இரும்பு சல்ஃபைடு இருந்தால் காற்றுப் பட்டதும் தானாகவே பற்றிக்கொள்ளும். அதனால் தண்ணீர் விட்டு நன்றாக நனைத்த பிறகே வெளியே இழுப்போம். கையுறை கழற்றினாலும் விரலிடுக்கில் அந்தக் கறுப்பு இரண்டு நாள் போகாது.