பூச்சுக்கு முன் முடிவெடுங்கள்: கள்ளர் அலாரத்துக்கு வயரா, வயர்லெஸ்ஸா?

கேள்வி: வட்டக்கச்சியில் அரை ஏக்கர் வளவில் வீடு கட்டுகிறோம். மூன்று அறை, ஹோல், குசினி, முன்னும் பின்னும் விறாந்தை. சுவர் எழும்பி ஓடும் போட்டாயிற்று. அடுத்த மாதம் பூச்சு. கிணற்றடி மோட்டர் கொட்டில் வீட்டிலிருந்து 30 மீற்றர் இருக்கும். வருடத்தில் இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். அலாரம் பூட்ட நினைக்கிறோம். கடையில் கேட்டால் வயர்லெஸ் போதும், சுவர் உடைக்கத் தேவையில்லை என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: கட்டி முடித்துப் பெயின்ற் அடித்த வீட்டுக்குக் கடைக்காரர் சொல்வது சரி. உங்கள் சுவர் இன்னும் வெறுங்கல்லாக நிற்கிறது. இப்போது வயர்க் குழாய் பதிப்பது மின்வேலைக்காரருக்கு ஒன்றிரண்டு நாள் வேலை. பூசிய பிறகு அதே வேலைக்குச் சுவரைக் கிழித்து, திரும்பப் பூசி, திரும்ப நிறம் அடிக்க வேண்டும். ஆகவே வீட்டுக்குள் வயர் இழுங்கள். ஆனால் மோட்டர் கொட்டிலுக்கும் கேற்றுக்கும் வயர் கொண்டுபோகாதீர்கள், அங்கே வயர்லெஸ். கூரைக்குக் கீழே வயர், கூரைக்கு வெளியே வயர்லெஸ்.

இப்படிப் பிரிக்கச் சொல்வது மின்னலால். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் கறுத்துக்கொண்டு வரும் இடிமழையை வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மின்னல் உங்கள் வயரிலேயே விழ வேண்டும் என்றில்லை. பக்கத்து வயலில் விழுந்தாலும், கிணற்றடிவரை ஓடும் 30 மீற்றர் வயர் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு வரும். கிணற்றடி நிலமும் வீட்டு எர்த்தும் அந்தக் கணத்தில் ஒரே மின்னழுத்தத்தில் இருக்காது. அந்த வித்தியாசம் முழுவதும் வயர் வழியாக அலாரப் பெட்டிக்குள் பாயும். பெட்டியின் உள்பலகை 12 வோல்றில் வேலை செய்வது, அதற்கு இதைத் தாங்க முடியாது. கிணற்றடிச் சென்சரோடு வீட்டுக் கதவுகளின் காவலும் சேர்ந்து போய்விடும். வயரை மண்ணுக்குள் தாட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. மெயின் வழியாக வரும் அதிர்ச்சிக்கு மெயின் போர்ட்டில் ஒரு சேர்ஜ் புரொடெக்டர் போடுங்கள். எர்த் கம்பி சரியில்லாவிட்டால் அதனாலும் பயனில்லை, அதன் தடையை முதலில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி வீட்டுக்குள். பெட்டிக்கு இடம் நடு நடையின் உட்சுவர். வெளிச்சுவரோ ஓட்டுக்கு நேர்கீழோ வேண்டாம், அதற்கான காரணம் பற்றரி பற்றிச் சொல்லும்போது வரும். பெட்டியிலிருந்து ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு சென்சருக்கும் தனித்தனிக் கேபிள் போக வேண்டும். ஒரே கேபிளைக் கதவு கதவாகத் தொடுத்துக்கொண்டு போனால் வயர் மிச்சம்தான், ஆனால் ஒரு இடத்தில் பழுது வந்தால் எந்த இடமென்று தேடிக் களைத்துப்போவீர்கள். ஆறு கம்பி அலாரக் கேபிள் வாங்குங்கள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு சைகைக்கு, இரண்டு மூடியைத் திறந்தால் அறிவிப்பதற்கு. வாங்கும்போது ஒரு கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 20 மில்லிமீற்றர் குழாயில் நாலு கேபிளுக்கு மேல் திணிக்க வேண்டாம், குழாய்க்குள் எங்கும் ஒட்டுப் போடவும் வேண்டாம். வீட்டு மின்வயர் ஓடும் குழாயிலிருந்து ஒரு அடியாவது விலக்கி ஓட்டுங்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் நேர்குறுக்காகக் கடக்க வேண்டும்.

வேலை செய்பவர்கள் அடிக்கடி விடும் பிழை ஒன்று உண்டு. பெட்டியோடு சின்னச் சின்ன ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) ஒரு பையில் வரும். ஒவ்வொன்றும் அந்தந்த வயரின் கடைசி முனையில், சென்சருக்குள் பூட்ட வேண்டியது. சுலபம் என்று எல்லாவற்றையும் பெட்டிக்குள்ளேயே பூட்டிவிடுகிறார்கள். அலாரம் வேலை செய்வதுபோலத்தான் இருக்கும். ஆனால் வழியில் எங்காவது இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று முட்டினால், அல்லது யாராவது முட்ட வைத்தால், கதவு திறந்தாலும் பெட்டி "எல்லாம் சரி" என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ரெசிஸ்டர் கடைசி முனையில் இருந்தால் வயரை வெட்டினாலும் தெரியும், முட்ட வைத்தாலும் தெரியும். பணம் கொடுக்குமுன் ஒரு கதவின் சென்சரைத் திறந்து காட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

கதவுக்குக் காந்தமும், அது விலகினால் அறிவிக்கும் ரீட் சுவிட்சும். நிலைக்குள் புதைக்கும் வகையே நல்லது, வெளியில் தெரியாது. உங்கள் நிலை முதிரையோ பாலையோ என்றால் பொலிஷ் அடிக்குமுன் துளை போட்டுவிடுங்கள். அந்த வைரமான மரத்தில் பிறகு துளைத்தால் துளைப்பானும் எரியும், பொலிஷும் கெடும். மரம் மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும். மார்கழியில் காந்தமும் சுவிட்சும் ஒட்டி நிற்கும் கதவு ஆடியில் விலகி நிற்கும், சோளகக் காற்று அதைப் பிடித்து ஆட்டும். நடுச்சாமத்தில் அலாரம் காரணமில்லாமல் அடிப்பது பெரும்பாலும் இதனால்தான். சுவிட்ச் வந்த அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் இடைவெளியில் பாதிக்குள் பூட்டினால் இந்தத் தொல்லை வராது. இரும்புக் கதவு என்றால் அதற்கென்று செய்த காந்தம் வேண்டும், சாதாரணக் காந்தத்தின் இழுவையை இரும்பு தின்றுவிடும்.

யன்னல் ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் போடச் செலவழிக்காதீர்கள். வெக்கைக்கு இரவில் திறந்துதான் படுப்பீர்கள், திறந்த யன்னலில் சுவிட்ச் எதையும் காக்காது. அந்தக் காசை யன்னல் கம்பிக்குப் போடுங்கள். ஓட்டு வீட்டில் கள்ளன் ஓட்டைப் பிரித்தும் இறங்குவான். அவன் எந்த வழியால் வந்தாலும் கடக்க வேண்டிய இடம் நடு நடையும் ஹோலும். அங்கே இரண்டு அசைவு சென்சர் போதும், சுவர் மூலையில் ஏழரை அடி உயரத்தில். தன்னை நோக்கி நேரே வருபவரை விடக் குறுக்கே நடப்பவரையே அது சுறுக்காகப் பிடிக்கும், அதைப் பார்த்து மூலையைத் தெரிவுசெய்யுங்கள். அது பார்ப்பது உடம்பின் சூட்டுக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. பூட்டிய வீடு மத்தியானத்தில் 35 பாகை தாண்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும், சென்சர் மந்தமாகும். வெப்ப ஈடு (சூட்டுக்கேற்பத் தன் உணர்வைக் கூட்டிக்கொள்ளும் வசதி) உள்ள சென்சர் என்று கேட்டு வாங்குங்கள். வயர் நுழையும் ஓட்டையைச் சிலிக்கன் வைத்து அடைக்க மறக்காதீர்கள். எறும்பு உள்ளே கூடு வைத்தாலும், பல்லி சென்சரின் முன்கண்ணாடியில் ஏறினாலும் அலாரம் அடிக்கும்.

பற்றரி 12 வோல்ற், 7 அம்பியர்-மணி. பெட்டியும் சென்சர்களும் சேர்ந்து 200 மில்லி அம்பியர் இழுத்தால் கணக்குக்கு 35 மணித்தியாலம், பழகிய பற்றரியில் ஒரு நாள். சூட்டில் அதன் ஆயுள் குறையும், வெளிச்சுவரிலும் ஓட்டின் கீழும் வைக்க வேண்டாம் என்றது அதனால்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதைவிட முக்கியமானது: வீட்டைப் பூட்டிப் போகும்போது மெயினை இறக்கிவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். அப்படிப் போனால் மறுநாளோ அதற்கு மறுநாளோ அலாரமும் செத்துவிடும். இடிக்கு ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலும் தூக்கிவிட ஆள் இல்லை. அலாரத்துக்குத் தனி பிரேக்கரும் தனி ட்ரிப் சுவிட்சும் போடச் சொல்லுங்கள். போகும்போது மற்றதை இறக்குங்கள், அதைத் தொடாதீர்கள்.

மோட்டர் கொட்டிலுக்கு வயர்லெஸ் வாங்கும்போது கடையில் கேட்க வேண்டியவை: சென்சர் தான் உயிரோடு இருப்பதைப் பெட்டிக்கு அடிக்கடி அறிவிக்குமா, பற்றரி குறைந்தால் சொல்லுமா, கழற்றினால் அடிக்குமா. மலிவான 433 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைச் சென்சர்கள் பலவற்றில் முதலாவது இல்லை. பற்றரி செத்து மாதக் கணக்காகக் கிடந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. வைஃபை வகையும் கொட்டிலுக்கு வேண்டாம், கரண்ட் போனால் ரவுட்டரும் நின்றுவிடும். நீங்கள் வாங்கும் வயர்ப் பெட்டி வயர்லெஸ் ரிசீவரையும் ஏற்குமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சென்சர் வந்த அட்டைப்பெட்டியில் 100 மீற்றர் என்று போட்டிருப்பது வெளியான இடத்துக்கு. இடையில் இரண்டு சுவரும் தகரக் கதவும் வந்தால் அது வெகுவாகக் குறையும். சென்சரைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டில் கதவை மூடிப் பத்துத் தடவை சோதித்த பிறகே ஆணி அடியுங்கள். எட்டாவிட்டால் ரிசீவரைப் பின் விறாந்தைப் பக்கச் சுவரின் உட்புறம் வையுங்கள்.

பெட்டி போனில் அழைக்கும் எண்களில் முதலாவது அயல்வீடாக இருக்கட்டும். இங்கே இரவு இரண்டு மணி என்றால் ரொறன்ரோவில் கோடைகாலத்தில் பின்னேரம் நாலரை. அங்குள்ள சகோதரர் விழித்திருப்பார், ஆனால் அங்கிருந்து 119 அடித்தால் இங்குள்ள பொலிசுக்கு வராது. பொலிஸ் நிலையத்தின் நேரடி எண்ணை +94 உடன் அவருடைய போனில் போட்டுக்கொடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்கு மாதம் ஒருமுறை காசு இருக்கிறதா என்று பாருங்கள்.

மேசன் சாந்து குழைக்குமுன் செய்ய வேண்டிய வேலை இரண்டு. ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை நீட்டி வைத்து, குழாய் போகும் வழி தெரியப் படம் எடுத்து வையுங்கள். பிறகு யன்னல் திரைக்கு ஆணி அடிக்கும் நாளில் அது தேவைப்படும். அடுத்து, ஒவ்வொரு கேபிளின் கடைசி முனையிலும் இரண்டு கம்பியை முறுக்கிவிட்டு, பெட்டிப் பக்கத்தில் மல்ரிமீற்றரால் தடையை அளந்து எழுதுங்கள். 0.22 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பியில் 20 மீற்றர் ஓட்டத்துக்கு ஏறக்குறைய 3 ஓம் காட்டும். பூச்சு முடிந்த மறுநாள் திரும்ப அளந்து பாருங்கள். எண் மாறியிருந்தால் சாந்து காயுமுன் அந்தக் குழாயின் வயரை இழுத்தெடுத்துப் புதிது போடுங்கள்.